இரு கடமை தாங்கிய விமானிகள்

பகலில் அலுவலகம், மாலையில் கல்லூரி என்னும் வாழ்க்கை, பிழைப்புத் தேடித் தமிழகத்தை விட்டு வந்த நம்மவருக்குப் பழகிப்போன ஒன்று. டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் குமாஸ்தாவாகவோ தட்டெழுத்தராகவோ சேர்ந்து, மாலை வகுப்பில் பயின்று பட்டம் பெற்று, பின்னர் உயர்ந்த பதவிகளை அடைந்தவர்கள் நம்மில் பலருடைய குடும்பங்களிலும் இருப்பார்கள். படிப்பு, உத்தியோகம் ஆகிய இவ்விரண்டுடன் படைக் கடமையையும் மூன்றாவதாக ஏற்றுத் தாங்கிய ஒரு சாராரைப் பற்றி இங்குக் கூற முற்படுகின்றோம். அவர்கள் விமானிகள். வாரத்தின் பெரும்பகுதியில் தபாலையும் பயணிகளையும் ஏற்றிச் சென்று ஊதியம் பெற்றவர்கள். எஞ்சிய நாட்களில் இராணுவ உடுப்பு அணிந்து பயின்றவர்கள். போர் மூண்டவுடன் அழைப்பு ஓலை பெற்றவர்கள்.

இத்தகையோரைக் கொண்ட படையை ஆங்கிலத்தில் 'ரிசர்வ்' என்பர். சர்க்கார் காகிதங்களை மொழிபெயர்த்துக் காலங்கழிக்கும் நம் போன்றோருக்கு இச்சொல் சற்றுத் தொல்லை தருவதுண்டு. 'ஒதுக்குப் படை' என்றால் வேண்டாமெனத் தள்ளி வைத்தது போல் தொனிக்கின்றது. 'சேமப் படை' என்றால் பெட்டியில் பூட்டி வைத்த நகை நினைவுக்கு வருகின்றது. இப்படையினரோ பூட்டி வைக்கப்பட்டவர் அல்லர். நாள்தோறும் தொழில் செய்துகொண்டிருப்பவர். ஆயினும் அதனினும் நல்ல சொல் கிட்டாமையால் 'சேமப் படை' என்பதையே இங்குக் கொள்கின்றோம்.

சொல் புதிதாயினும் பொருள் பழையது. திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்துக்கு உரை கண்ட பரிமேலழகர், படைகளை மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என ஆறாக வகுக்கின்றார். இவ்வாறு அறுவகைப்படுத்துவது வடமொழிப் பொருள் நூல்களிலும் உண்டு. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் கூறும் ஆறனுள் 'சிரேணி' என்னும் தொழிற்குழுவினரின் படையும் ஒன்று. காம்போஜம், சௌராஷ்டிரம் ஆகிய நாடுகளில் உழவும் வணிகமும் படைத்தொழிலும் ஒருங்கே கொண்டு வாழ்ந்த குழுக்கள் இருந்தனவென்று அந்நூலே குறிப்பிடுகின்றது. மத்தியப் பிரதேசத்தில் உள்ள மந்தசோரில் கிடைத்த ஐந்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று நமக்கு இன்னும் நெருக்கமானது. லாட தேசம் எனப்பட்ட தென் குஜராத்திலிருந்து பட்டு நெசவாளர் கூட்டம் ஒன்று தசபுரமாகிய அவ்வூருக்குக் குடி பெயர்ந்தது. அவர்களுள் சிலர் தறியிலேயே நின்றனர். சிலர் வில் வித்தை பயின்று போர் வீரராயினர். வேறு சிலர் சோதிடமும் பிற கலைகளும் கற்றனர். பிறந்த மண்ணை விட்டு வந்த கூட்டத்தில் தொழிலும் கல்வியும் படையும் இப்படிக் கலந்து நின்றதை, நம் நிலையில் உள்ளவர்கள் ஆர்வத்துடன் படிப்பதில் வியப்பில்லை.

விமானம் தோன்றிய பிறகு இப்பழைய ஏற்பாட்டுக்குப் புதிய அவசியம் ஏற்பட்டது. துப்பாக்கி பிடிக்கச் சில மாதங்களில் ஒருவனைப் பழக்கிவிடலாம். விமானியை உருவாக்கப் பெரும் பணமும் நீண்ட காலமும் தேவை. அன்றியும், கற்ற வித்தை கையில் நிற்க வேண்டுமானால் இடைவிடாமல் பறந்தாக வேண்டும். சமாதான காலத்தில் எந்தச் சர்க்காரும் ஆயிரக்கணக்கான விமானிகளுக்குச் சும்மா சம்பளம் கொடுத்து வைத்திருக்க இயலாது. ஆனால் தபால் விமானம் ஓட்டுபவன் வேறொருவர் செலவில் நாள்தோறும் பழகிக்கொண்டிருக்கின்றான். அவனை ஆண்டுக்குச் சில நாட்கள் அழைத்துப் போர்முறையைக் கற்பித்தால் போதும். கணக்கு மிக எளியதாகவே தோன்றும். அதில் ஒரு முடிச்சும் உண்டு. போர் வருங்கால் விமானப் படைக்கு விமானிகள் தேவை. அதே நேரத்தில் ஆட்களையும் தபாலையும் மருந்தையும் கொண்டு செல்லும் விமானக் கம்பெனிக்கும் அவர்களே தேவை. இரு கைகள், இரு எஜமானர்கள், ஒரே வேளை.

இந்த ஏற்பாட்டின் விளைவாக உலகப் புகழ் பெற்றவர் அமெரிக்கரான சார்ல்ஸ் லிண்ட்பர்க். 1927 மே மாதம் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குத் தனியொருவராய், முப்பத்து மூன்றரை மணி நேரம் கண்ணயராமல் பறந்தவர் என்று அவரை எல்லோரும் அறிவர். அப்போது அவர் ஒரு தபால் விமானி என்பதும், மிஸ்ஸௌரி மாகாணத் தேசியக் காவல் படையில் காப்டன் என்பதும் பலருக்குத் தெரியா.

லிண்ட்பர்க் கல்லூரியில் சோபிக்கவில்லை. விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் 1920-ஆம் ஆண்டு இயந்திரப் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். மாணவர்களுக்குரிய படைப் பயிற்சியில் சேர்ந்து குறிபார்த்துச் சுடுவதில் தேர்ந்தார், பாடங்களில் தேறவில்லை. இரண்டாம் ஆண்டிலேயே கல்லூரியை விட்டு விலகி நெப்ராஸ்காவில் விமானம் ஓட்டக் கற்றார். போரில் மீந்த பழைய விமானம் ஒன்றை 1923-இல் வாங்கி, ஊர் ஊராகச் சென்று வேடிக்கை காட்டிப் பிழைத்தார். மறு ஆண்டு டெக்ஸஸில் இராணுவ விமானப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே வானிலை, வழி காணும் கணக்கு, எஞ்சின், சட்டம் முதலிய பாடங்களைப் படிக்கத் தவறியவன் பறக்கவும் முடியாது. கல்லூரியில் புத்தகத்தைக் கண்டு சலித்தவர் இங்கே விளக்கணைந்த பின்பும் படித்தார். நூற்றுக்கு மேற்பட்டோர் சேர்ந்த அவ்வகுப்பில் 1925 மார்ச்சில் தேறி வெளிவந்தவர் இருபதின்மருக்கும் குறைவு. அவர்களுள் முதல்வர் லிண்ட்பர்க். கல்வி என்பது எதற்காக என்று தெரிந்த பிறகே சிலருக்கு வசப்படுகின்றது. மாலைக் கல்லூரிகளில் பாடம் சொல்லும் ஆசிரியர்களைக் கேட்டால் இதற்கு நூறு சாட்சிகள் தருவார்கள்.

முதல்வராகத் தேறியும் நிலையான இராணுவ வேலை கிடைக்கவில்லை. அமைதிக் காலத்துப் படையில் இடமில்லை. சேமப் படையில் இரண்டாம் லெஃப்டினன்ட் என்னும் பட்டத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். செயிண்ட் லூயிஸ் நகருக்கு வந்த அவரை ராபர்ட்ஸன் விமானக் கம்பெனி தலைமை விமானியாக நியமித்தது. செயிண்ட் லூயிஸிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்ட், பியோரியா வழியாகச் சிகாகோவுக்குத் தபால் கொண்டு செல்லும் பணி 1926 ஏப்ரலில் தொடங்கியது. அவ்வூரிலேயே இருந்த தேசியக் காவல் படையின் 110-ஆம் வேவு அணியிலும் அவர் சேர்ந்திருந்தார். ஓய்வு நாட்களில் அணியினருடன் பறந்தார். உடன் இருந்த அதிகாரிகளுக்குப் பாடமும் நடத்தினார். 1926-இல் காப்டன் ஆனார்.

இங்கே ஒரு விவரத்தைக் கவனிக்க வேண்டும். கம்பெனியின் முதலாளியான வில்லியம் ராபர்ட்ஸனே அந்தக் காவல் அணியை அமைத்தவர்களில் முதன்மையானவர். ஆகவே, படைப் பயிற்சிக்கு லீவு கேட்டால் முதலாளி முகம் சுளிப்பாரோ என்ற கவலை அங்கு எழவே இல்லை. லிண்ட்பர்க்கின் வெற்றிக்குத் துணையானவற்றுள் இந்த நல்வாய்ப்பும் ஒன்றென்றே நாம் கருதுகின்றோம். எல்லோருக்கும் இத்தகைய முதலாளி வாய்ப்பதில்லை.

தபால் பணி எளிதன்று. அந்நாளில் வானொலி வழிகாட்டலும் இல்லை. இரவில் இறங்க முறையான விளக்குகளும் இல்லை. 1926 செப்டம்பரிலும் நவம்பரிலும் பனியிலும் இருளிலும் தரை தெரியாமல் பெட்ரோல் தீர்ந்துபோகவே, லிண்ட்பர்க் இருமுறை பாரசூட்டில் குதித்து உயிர் தப்பினார். இரு தடவையும் விழுந்து நொறுங்கிய விமானத்தைத் தேடிப் பிடித்துத் தபால் பைகளை மீட்டு அனுப்பி வைத்த பிறகே வேறு வேலை பார்த்தார். அட்லாண்டிக்கைக் கடக்கும் துணிவை இப்பாதையே அவருக்குத் தந்தது.

பாரிஸ் பயணத்துக்குப் பிறகு சேமப் படையில் கர்னல் பதவி அளிக்கப்பட்டது. அப்பதவியை 1941 ஏப்ரலில் அவரே துறந்தார். அமெரிக்கா போரில் இறங்கலாகாதென்று மேடைதோறும் பேசி வந்த அவரை ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வெளிப்படையாகச் சாடியதே காரணம். அந்நாளில் அவர் பேசியவற்றில் யூதரைக் குறித்தவை பெரும் கண்டனத்துக்கு உள்ளாயின, அக்கண்டனம் நியாயமானதே. பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டபின் மீண்டும் சேரக் கேட்டார், மறுத்துவிட்டனர். 1944-இல் பசிபிக் பகுதிக்குக் கம்பெனிகளின் ஆலோசகராக, சாதாரணக் குடிமகனாகவே சென்று சுமார் ஐம்பது போர்ப் பறப்புகளில் கலந்துகொண்டார். வாரத்தில் ஐந்து நாள் குடிமகனாகவும் இரு நாள் வீரனாகவும் இருப்பவன் அரசியல் பேசினால் எந்த நாளின் வாயால் பேசுகின்றான் என்ற கேள்வி அவர் வாழ்வில் கூர்மையாக எழுந்தது. அதற்கு இன்றும் தெளிவான விடை எந்நாட்டிலும் இல்லை.

பிரிட்டன் வேறு வழியில் சென்றது. 1924-இல் துணை விமானப் படைச் சட்டம் நிறைவேறியது. மறு ஆண்டே லண்டன், கிளாஸ்கோ, எடின்பரோ நகரங்களின் பெயரால் அணிகள் எழுந்தன. அதே 1925-இல் கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்ட் பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கென விமான அணிகள் தொடங்கின. பட்டத்துக்குப் படித்துக்கொண்டே பறக்கக் கற்கலாம். படையில் சேர்ந்தே தீர வேண்டுமென்ற கட்டாயம் கிடையாது. ஆரம்பத்தில் துணைப் படை அணிகள் பணக்கார வாலிபர்களின் பொழுதுபோக்கு என்று ஏளனம் செய்யப்பட்டன. அதில் உண்மையும் இருந்தது. ஆனால் 1936-இல் விமானப் படைத் தொண்டர் சேமப் படை அமைக்கப்பட்டபோது நிலைமை மாறியது. பாங்கிக் குமாஸ்தாக்களும் கடை ஊழியர்களும் மாணவர்களும் அதில் சேர்ந்தனர். வார நாட்களில் மாலை வேளையில் தத்தம் நகரில் வழி காணும் கணக்கும் தந்திக் குறியும் பயின்றனர். சனி, ஞாயிறுகளில் தனியார் கம்பெனிகள் நடத்திய பள்ளிகளில் பறந்தனர். ஆண்டுக்கு இரு வாரம் முகாமுக்குச் சென்றனர்.

ஏளனத்துக்கு விடை 1939 அக்டோபர் 16-ஆம் தேதி கிடைத்தது. ஸ்காட்லாந்தின் ஃபோர்த் கழிமுகத்தில் நின்ற போர்க் கப்பல்களை ஜெர்மன் விமானங்கள் தாக்க வந்தன. எதிர்த்தெழுந்தவை கிளாஸ்கோ, எடின்பரோ துணைப் படை அணிகள். அன்று பகைவரை வீழ்த்தியவருள் பாட்ரிக் கிஃபோர்ட் ஒரு வழக்கறிஞர். ஜார்ஜ் பிங்கர்ட்டன் ஒரு விவசாயி. கிஃபோர்ட் 1940 மே மாதத்தில் போரிலே மாண்டார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1928 முதல் டில்லி, பம்பாய், கராச்சி, கல்கத்தா ஆகிய இடங்களில் சர்க்கார் உதவியுடன் விமானக் கழகங்கள் தோன்றின. சென்னைக் கழகம் 1930-இல் தொடங்கியது. 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டு வந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டு சேர்த்தவர் நெவில் வின்சென்ட் என்பவர். முன்னாளில் பிரிட்டிஷ் விமானப் படையில் இருந்தவர். அதே மாதத்தில்தான் இந்திய விமானப் படையும் சட்டப்படி பிறந்தது. ஏழாண்டுகள் கழித்து உலகப் போர் மூண்டபோது அப்படையில் இருந்தது ஒரே ஓர் அணி. இவ்வளவு நீண்ட கடற்கரையைக் காப்பது யார்? 1914 செப்டம்பரில் 'எம்டன்' கப்பல் சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியதைச் சென்னையில் எவரும் மறந்திருக்கவில்லை.

ஆகவே 1939-இல் இந்திய விமானப் படைத் தொண்டர் சேமப் படை அமைக்கப்பட்டது. கழகங்களில் பயின்ற வாலிபர்களும், விமானக் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களும், ஆங்கிலேயரும் இந்தியருமாக இதில் சேர்ந்தனர். சென்னை, பம்பாய், கல்கத்தா, கராச்சி, கொச்சி ஆகிய துறைமுகங்களிலும் பின்னர் விசாகப்பட்டினத்திலும் கடலோரக் காவல் பிரிவுகள் நிறுவப்பட்டன. கிடைத்தவை பழைய 'வாப்பிட்டி' விமானங்கள். ஒரே எஞ்சின், திறந்த இருக்கை, நடுக்கடலில் எஞ்சின் நின்றால் கதி அதோகதி. அவற்றில் ஏறிக் கப்பல் கூட்டங்களுக்குக் காவலாகவும் நீர்மூழ்கிகளைத் தேடியும் அவர்கள் கடலுக்கு மேல் மணிக்கணக்கில் பறந்தனர்.

ஆட்கள் மட்டுமன்றி விமானங்களும் சேமப் படையில் சேர்ந்தன என்பது வேடிக்கையான செய்தி. கராச்சிக்கும் கிழக்கே உள்ள நாடுகளுக்கும் பயணிகளை ஏற்றிச் சென்றுகொண்டிருந்த 'அட்டலாண்டா' என்னும் நான்கு எஞ்சின் விமானங்கள் ஐந்தைச் சர்க்கார் 1941-இல் எடுத்துக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பரில் அவை கடலோர வேவுக்காக இந்திய விமானப் படையிடம் வந்தன. பயணிகள் சாய்ந்திருந்து மேகங்களை ரசித்த ஜன்னல் வழியே இயந்திரத் துப்பாக்கி ஒன்று வெளியே நீண்டது. வழி காட்டும் அதிகாரியே அதைச் சுடவும் வேண்டும். 1942 ஆகஸ்டு வரை அவை இவ்வாறு ரோந்து சுற்றின.

சேமப் படையில் சேர்ந்தவர்களுள் முதலில் நினைக்கத் தக்கவர் மன்மோகன் சிங். 1930-இல் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியே பறந்து காட்டும் ஆகா கான் பரிசுப் போட்டியில் கலந்துகொண்டவர் இவர். ஆஸ்பி எஞ்சினியரும் ஜே. ஆர். டி. டாட்டாவும் அதே போட்டியில் இருந்தனர். பரிசு எஞ்சினியருக்குப் போயிற்று. மன்மோகன் சிங் போரில் பறக்கும் படகுகளை ஓட்டினார். 1942 மார்ச் 3-ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் புரூம் துறையில் நின்ற பறக்கும் படகுகள் மீது ஜப்பானியர் நடத்திய தாக்குதலில் அவர் உயிர் நீத்தார்.

மகிந்தர் சிங் புஜ்ஜி மற்றொருவர். சிம்லாவில் 1918-இல் பிறந்தவர். டில்லிக் கழகத்தில் பறக்கக் கற்று, இமயமலைச் சாரலில் பயணிகளை ஏற்றிச் சென்ற ஒரு சிறு கம்பெனியில் விமானியானார். பிறகு எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் நல்ல சம்பளத்தில் அமர்ந்தார். விமானிகள் தேவை என்ற பத்திரிகை விளம்பரத்தைக் கண்டு அவ்வேலையை விட்டுச் சேமப் படையில் சேர்ந்தார். 1940-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய இந்திய விமானிகள் இருபத்து நால்வருள் அவரும் ஒருவர். தலைப்பாகையைக் கழற்றாமலே 'ஹரிக்கேன்' போர் விமானத்தை ஓட்டினார்; அடிபட்டு இறங்கிய ஒரு தடவை அதன் மடிப்புகளே தலையைக் காத்தன. பின்னர் வட ஆப்பிரிக்காவிலும் பர்மா முனையிலும் போரிட்டு விருது பெற்றார். உடன் சென்ற இருபத்து மூவரில் எல்லோரும் திரும்பி வரவில்லை.

இவர்கள் எவருக்கும் கம்பெனியுடன் 'போய் வா, உன் இடம் காத்திருக்கும்' என்ற உறுதி இருந்ததாகச் சொல்ல முடியாது. வேலையை விட்டே போனார்கள். ஸ்காட்லாந்து விவசாயிக்குத் தன் நிலம் தன்னுடையது. லிண்ட்பர்க்குக்கு முதலாளியே மேஜர். இந்திய வாலிபருக்கு இரண்டும் இல்லை. ஆகவே அவருடைய தொண்டு சற்றுக் கூடுதல் மதிப்புடையதென்று நாம் சொன்னால் அதை நாட்டுப் பற்றினால் எழுந்த மிகையென்று நேயர்கள் தள்ளிவிட மாட்டார்கள் என்று நம்புகின்றோம்.

மூன்று துறைகளையும் முழுமையாகத் தொட்டவர் பிரதாப் சந்திர லால். 1916-இல் லூதியானாவில் பிறந்த இவர் பதினெட்டு வயதாகுமுன்பே விமானம் ஓட்டும் உரிமம் பெற்றார். பின்னர் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் இதழியல் பயின்றார். பத்திரிகையாளராகியிருக்க வேண்டியவர். போர் அவரை 1939 நவம்பரில் தொண்டர் சேமப் படைக்கு அழைத்தது. வழி காணும் அதிகாரியாகத் தொடங்கி, 1944-இல் பர்மா முனையில் 7-ஆம் அணியின் தலைவரானார். போர் முடிந்ததும் நிலையான படையிலேயே தங்கிவிட்டார். 1957-இல் சர்க்கார் அவரை இந்தியன் ஏர்லைன்ஸின் பொது மேலாளராக அனுப்பி வைத்தது. 1969 முதல் 1973 வரை விமானப் படையின் தலைமைத் தளபதி. 1971 போரில் படையை நடத்தியவர் அவரே. ஓய்வுக்குப் பின் மீண்டும் இந்தியன் ஏர்லைன்ஸின் தலைவர். 1978-இல் ஜே. ஆர். டி. டாட்டாவை விலக்கி ஏர் இந்தியாவின் தலைமையையும் சர்க்கார் அவரிடமே ஒப்படைத்தது. இந்திய வான்வழிப் போக்குவரத்தைத் தோற்றுவித்தவரின் நாற்காலியில், ஒரு காலத்தில் சேமப் படைத் தொண்டராயிருந்தவர் அமர்ந்தார். டாட்டாவை விலக்கிய முறை அந்நாளில் பலர் மனத்தைப் புண்படுத்தியது. அதற்கு லால் பொறுப்பாளி அல்லர்.

விடுதலை பெற்ற சில வாரங்களுக்குள்ளேயே இரு எஜமானர் பிரச்சினை நேரில் வந்து நின்றது. 1947 அக்டோபர் 27-ஆம் தேதி விடியலில் டில்லியிலிருந்து ஸ்ரீநகருக்குச் சீக்கியப் படைப் பிரிவின் முதல் அணியை ஏற்றிச் செல்ல வேண்டும். விமானப் படையிடம் இருந்த டகோட்டாக்கள் போதவில்லை. தனியார் கம்பெனிகளின் டகோட்டாக்கள் திருப்பி அழைக்கப்பட்டன, இருக்கைகள் அகற்றப்பட்டன, அவற்றின் விமானிகளே ஓட்டிச் சென்றனர். எதிரே இறங்குதளம் யார் கையில் இருக்கின்றதென்று கூடத் தெரியாத நிலை. அவ்விமானிகள் இராணுவப் பதவி எதுவும் இன்றிக் கம்பெனி உடையிலேயே போர்முனையில் இறங்கியவர்கள். முதல் அணியின் தலைவர் கர்னல் திவான் ரஞ்சித் ராய் அன்றைய தினமே வீர மரணம் எய்தினார்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு சட்டங்கள் வந்தன. 1948-இல் பிரதேசப் படைச் சட்டம் நிறைவேறியது. 1949 அக்டோபர் 9-ஆம் தேதி அப்படையைத் தொடங்கி வைத்தவர் அந்நாள் கவர்னர் ஜெனரல் ராஜாஜி. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு 1950-இல் தொடங்கியது. விமானிகளைப் பொறுத்தவரை முக்கியமானது 1952-ஆம் ஆண்டின் சேம, துணை விமானப் படைகள் சட்டம். படையிலிருந்து விலகியோருக்கு ஒரு சேமப் படை; விமானி, பொறியாளர் முதலிய தகுதியுடைய குடிமக்களுக்கு வான் காப்புச் சேமப் படை; தொழிலை விடாமல் ஓய்வு நேரத்தில் பயில விரும்புவோருக்குத் துணை விமானப் படை என மூன்றை அது வகுத்தது. பரிமேலழகர் பயன்படுத்திய 'துணைப்படை' என்னும் சொல் இங்கே புது வேலை பெற்றது. படைக்கு அழைக்கப்பட்டவரைத் திரும்பவும் வேலையில் அமர்த்திக்கொள்ளும் கடமையை முதலாளி மீது சுமத்தும் பிரிவும் அச்சட்டத்தில் உண்டு. புஜ்ஜி போன்றோருக்குக் கிடைக்காதது இதுவே. இதை எழுதியவர்கள் அவர்களை மனத்தில் வைத்தே எழுதியிருக்க வேண்டுமென்று நமக்குத் தோன்றுகின்றது.

டில்லி, பம்பாய், சென்னை, வங்காளம் முதலியவற்றின் பெயரால் துணை விமானப் படை அணிகள் ஐம்பதுகளின் பிற்பகுதியில் அமைந்தன. வக்கீல்களும் எஞ்சினியர்களும் வணிகர்களும் சேர்ந்தனர். ஆயினும் அவை பத்தாண்டு கூட நிலைக்கவில்லை. 1962 சீனப் போருக்குப் பிறகு நிலையான படை விரைந்து பெருகியபோது அதில் கரைந்து போயின. காரணம் ஊகிக்கக் கூடியதே. ஜெட் விமானம் ஞாயிற்றுக்கிழமை விமானியை மன்னிப்பதில்லை. ஒரு வாரம் தொடாமலிருந்தால் கை தடுமாறும். தடுமாறினால் உயிர் போகும். பிரிட்டனும் இதே காரணத்தையும் செலவையும் எண்ணி 1957-இல் தன் துணைப் படையின் பறக்கும் அணிகளைக் கலைத்துவிட்டது.

இந்தியாவில் மற்றொரு காரணமும் இருந்தது என்பது நம் கருத்து. 1953 ஆகஸ்டு முதல் தேதி எட்டு உள்நாட்டுக் கம்பெனிகள் இந்தியன் ஏர்லைன்ஸ் என்னும் ஒரே சர்க்கார் நிறுவனமாயின. அன்று முதல் விமானப் படைக்கும் விமானக் கம்பெனிக்கும் எஜமானர் ஒருவரே. வேண்டும்போது ஓர் உத்தரவு போதும். விமானியிடம் தனியே கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. 1990-இல் குவைத்தில் சிக்கிய நம்மவர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஏர் இந்தியா அம்மான் வழியாக மீட்டு வந்தது அத்தகைய உத்தரவின் பேரில்தான். அவர்களில் தமிழரும் மலையாளிகளும் ஏராளம். 2022 ஜனவரி 27-ஆம் தேதி ஏர் இந்தியா மீண்டும் டாட்டாக்களின் கைக்குச் சென்றது. எஜமானர்கள் மறுபடியும் இருவராகிவிட்டனர்.

அமெரிக்கா முதலிலிருந்தே அவர்களை இருவராக வைத்துக்கொண்டு ஒப்பந்தத்தால் இணைத்தது. தனியார் விமானங்களை நெருக்கடியில் இராணுவத்துக்கு அளிக்கும் திட்டம் அங்கு ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஏற்பட்டது. 1990-இலும் 2003-இலும் 2021-இல் காபூலிலிருந்து மக்களை மீட்ட போதும் அது செயற்பட்டது. சேமப் படையினரின் வேலையைக் காக்கும் சட்டத்தை 1994-இல் புதுப்பித்து வலுப்படுத்தினர். போக்குவரத்து விமானம் ஓட்டிக்கொண்டே காவல் படையில் பயிலும் விமானிகள் அங்கே இன்றும் மிகப் பலர். அழைப்புகள் அடிக்கடி வரும்போது கம்பெனிகள் முணுமுணுப்பதும், பதவி உயர்விலும் ஓய்வூதியத்திலும் வழக்குகள் எழுவதும் அங்கும் உண்டு.

புஜ்ஜி முதுமையில் இங்கிலாந்தில் குடியேறி, லண்டன் ஹீத்ரோவில் விமானங்களின் வரவு போக்கை ஒழுங்குபடுத்தும் வேலை பார்த்தார். 2010-இல் தொண்ணூற்றிரண்டாம் வயதில் காலமானார். தேம்ஸ் நதிக்கரையிலுள்ள கிரேவ்ஸெண்ட் நகரில் 2014-இல் அவருக்கு வெண்கலச் சிலை எழுப்பினர். விமானியின் உடுப்பும் தலைப்பாகையுமாக அது நின்றுகொண்டிருக்கின்றது.